வாசிக்க முடியாத எழுத்து

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாத்திக் துணிகளை அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டு ஓவியத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் துணிகள்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலை இவர்கள் வாங்கியது படம் விற்ற காசில் அல்ல. மெழுகு தோய்த்துச் சாயமேற்றிய துணிகளை விற்ற காசில். அப்போது கலைக்கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரே வாலிபத்தில் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1936இல்தான், இருபத்தைந்து வயதில், கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பத்து முதல் ஐந்து வரை வங்கிக்கு விற்றுவிட்டு, மிச்சப் பொழுதில் இலக்கியம் பண்ணும் நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். நாம் பிழைப்பை ஓர் அறையிலும் எழுத்தை வேறோர் அறையிலும் பூட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் துணிக்குச் சாயமேற்றிய அதே கையால் படமும் போட்டார்கள். அங்கே போய்வந்த எனக்கு முதலில் ஏற்பட்டது ரசனை அல்ல, பொறாமை.

அந்தக் கிராமத்தில் 2009இல் திறந்த காட்சிக்கூடத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினரின் படங்கள் இருக்கின்றன. பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மேற்கத்திய அரூபத்தை அப்படியே வாங்கிக்கொள்ள மனமில்லை; அஜந்தாவுக்குத் திரும்பவும் மனமில்லை. ஆகவே கையெட்டும் தூரத்தில் கிடந்ததை எடுத்தார்: ஜாதகக் கட்டம், யந்திரம், கணக்கு நோட்டு. மலையாள லிபி போல ஒரு வளைவு, ஆனால் மலையாளிக்கும் வாசிக்க வராது. எண்கள் வரிசையாக இறங்குகின்றன, கூட்டினால் ஒன்றும் தேறாது. நாள் முழுதும் பேரேட்டை நேர்செய்கிறவனுக்கு இது முதலில் எரிச்சல்தான். பிறகு, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் தடவி வைத்திருந்த ஜாதக நோட்டு ஞாபகம் வந்தது. அதைப் படிக்கத் தெரியாத வயதில் அந்தக் கட்டங்களிடம் எனக்கொரு பயம் இருந்தது. பொருள் தெரிந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. பணிக்கர் பொருளை எடுத்துவிட்டுப் பயத்தை மட்டும் வைத்திருக்கிறார்.

'புரியவில்லை' என்ற புகாரைப் புதுக்கவிதைக்காக வருஷக்கணக்கில் எதிர்த்து வாதாடிய நாம், ஓவியத்தின் முன் நின்றால் அதே புகாரைக் கூசாமல் சொல்கிறோம். ஆதிமூலத்தின் கோடுகளைச் சிறுபத்திரிகை அட்டையில் போட்டுக்கொண்டோம். அவற்றைப் பார்த்து எழுதியவர்கள், வெங்கட் சாமிநாதன் போன்ற சிலரைத் தவிர, அதிகமில்லை.

எங்கள் அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரை மேட்டை, அதாவது அரிக்கமேட்டை, 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமானியச் சாடிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எழுத்துக் கீறிய உள்ளூர்ப் பானை ஓடுகளும் அங்கே கிடைத்தன. சிலவற்றில் தமிழ் பிராமி, படித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் வெறும் குறிகள்: கீறியது குயவனோ, பானைக்குச் சொந்தக்காரனோ. படித்த ஓட்டில் ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறேன். படிக்க முடியாத ஓட்டில்தான், ஆணி எங்கே அழுந்தியது, எங்கே வழுக்கியது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.