விளையாட்டுக் கருவிகளின் தொடக்க அமைப்பு: யாருடைய கைக்கு ஏற்ப?

வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே, எந்தப் பொத்தான் எந்த வேலையைச் செய்யும், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பவை முடிவு செய்யப்பட்டிருக்கும். இவையே அதன் தொடக்க அமைப்புகள். பெரும்பாலானோர் இவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் கைகளை முழுமையாகப் பயன்படுத்த இயலாத ஒருவர் விளையாட முடியுமா, முடியாதா என்பதையே இவை தீர்மானித்துவிடக் கூடும்.

புதிய கருவிகள்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனின் ஸ்பெஷல் எஃபெக்ட் உள்ளிட்ட தொண்டு அமைப்புகள் இதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தன. இரண்டு பெரிய வட்டப் பொத்தான்களுடன், காலாலோ தலையாலோ இயக்கும் விசைகளைப் பொருத்த 3.5 மில்லிமீட்டர் அளவில் 19 துளைகள் இதில் உள்ளன. சோனி நிறுவனத்தின் அக்சஸ் கன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வெளியானது. ஒருவர் தமக்கேற்ற 30 அமைப்புகள் வரை இதற்கெனச் சேமித்து வைக்க முடியும்.

இவ்வளவு மாற்றங்கள் சாத்தியம் என்றால் தொடக்க அமைப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி எழலாம்.

பூட்டிய அறைக்குள் சாவி

அமைப்பை மாற்றுவதற்கு முதலில் அதற்கான பட்டியலைத் திரையில் திறக்க வேண்டும். தொடக்க அமைப்பைக் கொண்டுதான் அதையும் செய்தாக வேண்டும். அது முடியாதவர் ஒவ்வொரு முறையும் பிறர் உதவியை நாட நேரிடுகிறது. தனியாக விளையாடுவதற்கென்றே வாங்கிய கருவி, அதன் நோக்கத்தை அப்போது இழந்துவிடுகிறது.

தொடக்க அமைப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் அனுபவம் ஒரு சான்று. 2017இல் வெளிவந்த அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் விளையாட்டில் வசன வரிகள் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருந்தன. சுமார் 60 சதவீதத்தினர் தாமாகவே அவற்றை இயக்கிக்கொண்டனர். அடுத்த ஆண்டு வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் அவை தொடக்கத்திலேயே இயங்கின. சுமார் 95 சதவீதத்தினர் அவற்றை அணைக்கவில்லை.

ஒரே அமைப்பு போதுமா?

மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் பொருந்தும் ஓர் அமைப்பு கிடையாது. கை நடுக்கம் உள்ளவருக்கு, தவறுதலான தொடுதல்களைப் பொருட்படுத்தாத கருவி தேவை. தசைச் சிதைவு நோய் உள்ளவருக்கோ, மிக மெல்லிய தொடுதலுக்கும் உடனே செயற்படும் கருவி தேவை. ஒருவருக்கு உதவுவது மற்றவருக்குத் தடையாகிறது. 2020இல் வெளிவந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம், பார்வை, செவித்திறன், உடலியக்கம் என மூன்று தயார்நிலை அமைப்புகளை வழங்கியது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்னர் நுணுக்கமாக மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தது.

எனவே எது சிறந்த அமைப்பு என்பதைக் காட்டிலும், பொருந்தாத அமைப்பின் சுமையை யார் தாங்குவது என்பதே முக்கியமான கேள்வி. பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக ஒருமுறை தட்டினால் போதும் என்று தொடக்கத்தில் வைத்தால், அதை விரும்பாதவர் சில விநாடிகளில் மாற்றிக்கொள்வார். மாறாக, அழுத்திப் பிடிக்க இயலாதவருக்கு அந்தச் சில விநாடி வேலையே எட்டாததாக இருக்கலாம். எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியவர் மீது அந்தச் சுமையை வைப்பதே நியாயமாகும்.