சீட்டுக்கட்டும் சம்பள நாளும்



அண்மையில் ஆண்டு 5 மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்து, "ஐயா, மூன்று ராஜாவும் இரண்டு பத்தும் பெரிதா, ஐந்தும் இஸ்பேட்டாக வந்தால் பெரிதா?" என்று கேட்டான். கைப்பேசியில் போக்கர் பழகியிருக்கிறான். அந்த வாரத்து உணவுப் பணத்தை நண்பனிடம் தோற்றிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிய வந்தது. என்னிடம் விடையில்லை. கண்டிக்க வாயெடுத்த எனக்கு ரெம்பாவ் தோட்டத்தில் கழிந்த என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது.

சம்பள நாள் இரவில், லயத்தின் பின்புறம் சாக்கு விரித்து, மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிப் பெரியவர்கள் அமர்ந்திருப்பார்கள். "அப்பாவைக் கூட்டி வா" என்று அம்மா என்னை அனுப்புவார். நான் போய் நிற்பேன். அப்பா நிமிர்ந்து பார்க்கமாட்டார். மறுநாள் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் எங்கள் கணக்கு நீளும்.

சூது தமிழருக்குப் புதியதன்று. திருவள்ளுவர் 94ஆம் அதிகாரத்தை அதற்கென்றே ஒதுக்கினார். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். புகழேந்தியாரின் நளன் நாட்டை இழந்ததும் சூதில்தான். ஆனால், அவையெல்லாம் கவறாட்டம். சீட்டு பின்னர் வந்தது. ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் பரவிய சீட்டுக்கட்டு கடல்வழி வணிகர்களோடு நம் கரைகளையும் அடைந்தது. டச்சு மொழியில் ஹார்ட்டன், கிளாவர் என்பவை நம் பெரியவர்கள் நாவில் ஆட்டின், கிளாவர் என ஒலிப்பதைக் கேட்டாலே அந்தத் தடம் புலப்படும்.

மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சி, அபினி, மது, சூது ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. ஆட்டம் முடியவில்லை. 1920களின் இறுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. 1930இல் அது 40 காசாகக் குறைக்கப்பட்டது. 26 நாள் பால்மரம் வெட்டினால் 10 வெள்ளி 40 காசு. அந்த உழைப்பு முழுவதும் ஓரிரவில் கைமாறக்கூடும்.

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1953இல், பொதுச் சூதாட்ட விடுதிகளுக்கு எதிரான சட்டம் வந்தது. 1969இல் கெந்திங் மலைக்குச் சூதாட்ட உரிமம் கிடைத்தது. அங்கும் முஸ்லிம்களுக்கும் 21 அகவைக்குட்பட்டோருக்கும் நுழைவில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆயினும், சட்டத்தால் கைப்பேசிக்குள் புகுந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் காவல் நிற்க இயலாது.

ஆகவே, நானே போக்கரின் அடிப்படையைக் கற்றேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் உருப்பெற்ற ஆட்டம் அது. 52 சீட்டுகளில் ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அரிதாக வருவதே உயர்ந்தது என்பதுதான் விதி. மூன்றும் இரண்டுமாக அமைவது 3,744 வழிகளில். ஐந்தும் ஒரே இனமாக (வரிசையாக வருவன நீங்கலாக) அமைவது 5,108 வழிகளில். எனவே, மாணவன் கேட்டதில் முன்னதே பெரிது. ஆனால், பாதிக்குச் சற்று மேலான கைகளில் ஒரு சோடிகூடத் தேறாது!

இன்னொன்றும் கற்றேன். போக்கரில் சீட்டு மட்டும் வெல்வதில்லை. கையில் ஒன்றுமில்லாதவனும் பந்தயத்தை ஏற்றி எதிராளியை அஞ்சி விலகச் செய்யலாம். அதற்குப் பணபலம் வேண்டும். பத்து வெள்ளி வைத்திருப்பவனுக்கு நூறு வெள்ளிக்காரன் முன் நெடுநேரம் தாக்குப்பிடிப்பது கடினம். அப்பா ஏன் பெரும்பாலும் தோற்றார் என்பது நாற்பது அகவை கடந்த பிறகே எனக்கு விளங்கியது. அவர் கணக்கில் கெட்டிக்காரர். அவரிடம் இல்லாதது பணம்.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பிறகு யாழ்ப்பாணத் தமிழர் ஆடும் "முன்னூற்று நான்கு" என்ற ஆட்டத்தைச் சொல்லித் தந்தேன். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நான்கு இனங்களுக்கு 304. அவன் மனக்கணக்காகவே கூட்டிச் சொன்னான். காசு வைக்காமலும் சீட்டு சுவைக்கும் என்று கண்டுகொண்டான்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் சீட்டைக் கண்டால் பறிப்பதற்கு முன் அருகில் அமர்ந்து கேளுங்கள்: யாரோடு ஆடுகிறாய்? எதை வைத்து ஆடுகிறாய்? அன்று விளக்கொளியில் நின்ற சிறுவனிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. இன்று நாம் விளக்கலாம்.