மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்ப் பள்ளி

புது தில்லியில் கோல் மார்க்கெட்டுக்கு மேற்கே, பிர்லா மந்திரை ஒட்டிச் செல்லும் சாலைக்கு இப்போது மந்திர் மார்க் என்று பெயர். முன்பு அதற்கு ரீடிங் ரோடு என்று பெயர். 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் நினைவாக இட்டது. அச்சாலையில் பள்ளிக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. வங்காளிகளின் ரைசினா பள்ளி அங்கே உண்டு. தமிழர் பள்ளியும் உண்டு. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கு மாறும் என்று 1911 டிசம்பரில் தர்பாரில் அறிவித்த பின், சர்க்கார் காரியாலயங்களோடு குமாஸ்தாக்களும், குமாஸ்தாக்களோடு குடும்பங்களும், குடும்பங்களோடு மொழிகளும் வந்து சேர்ந்த கதையை அந்த ஒரு சாலையிலேயே படித்துவிடலாம்.

தமிழ்ப் பள்ளியின் தொடக்கம் 1923. அந்நாளில் சர்க்கார் கோடையில் சிம்லா மலைக்கு ஏறும். குளிர் தொடங்கியதும் தில்லிக்கு இறங்கும். கோப்புகளைப் பெட்டிகளில் கட்டலாம். பிள்ளைகளின் படிப்பை எப்படிக் கட்டுவது? தென்னாட்டு ஊழியர்கள் ஒன்றுகூடி மதராஸி கல்விக் கழகம் என்ற ஒன்றை அமைத்தனர். அவர்கள் நடத்திய பள்ளி காரியாலயத்தோடு தானும் மலையேறியது, தானும் இறங்கியது. அந்தக் கழகமே பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாயிற்று. இன்று அதன் பெயரில் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், இராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி ஆகிய இடங்களில் ஏழு பள்ளிகள் நடக்கின்றன. தமிழரல்லாத குழந்தைகளும் அவற்றில் பயில்கிறார்கள்.

பெயர் மாறியதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளலாகாது. 'மதராஸி' என்ற சொல் முதலில் ஒரு மாகாணத்தின் பெயரிலிருந்து வந்த வெறும் முகவரிதான். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாரையும் ஒரே பையில் போட்டுக் கட்டுவதற்கு வடநாட்டார்க்கு அது வசதியாயிருந்தது. நம்மவர்களும் அதைத் தயங்காமல் தம் கழகத்துக்கே சூட்டிக்கொண்டனர். எந்த நாளில் அது முகவரியாயிருப்பதை விட்டு ஏளனமாயிற்று என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஆயினும் தில்லியில் வளர்ந்த நம் ஒவ்வொருவர்க்கும் அந்த நாள் எதுவென்று தெரியும்.

கரோல் பாக்கில் வசித்து, அருகிலிருந்த வேறொரு பள்ளியில் சேர்ந்தவர்கள் நாம். இந்தியில் பொருள்களுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டென்பதை நமக்கு முதலில் உணர்த்தியது இலக்கண நூல் அன்று, வகுப்பின் சிரிப்பு. புத்தகம் அம்மொழியில் பெண்பால். 'மேரீ கிதாப்' என்பதற்கு 'மேரா கிதாப்' என்று சொல்லிவிட்டோம். நாற்பது பிள்ளைகள் சிரித்தனர். பிள்ளைகள் சிரிப்பது இயல்பு, அதை மறந்திருப்போம். ஆசிரியரும் சிரித்து, நம்மை எழுப்பி, அதனையே மறுபடி சொல்லச் சொன்னார். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் நம் பெயர் நம் பெயராக இல்லை. சோற்று டப்பாவைத் திறக்கையில் மூடியை நிமிர்த்தி மறைத்துக்கொண்டு உண்ணும் பழக்கம் நமக்கு வந்தது அந்த ஆண்டில்தான். சிலர்க்கு அது காரியாலயத்துக்குப் போன பின்னும் நீங்கவில்லை.

தமிழ்ப் பள்ளிக்கு மாறியபின் டப்பாவின் மூடியை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு நாம் செலுத்தும் நன்றி பெரிது. ஆனால் ஒரு பள்ளியில் நமக்கு இழிவு நேரவில்லை என்பதனாலேயே அங்கு யார்க்கும் இழிவு நேரவில்லை என்றாகிவிடுமா? தன்னவர் நடத்தும் பள்ளி எல்லாம் தானாகவே மதிப்புள்ள பள்ளியாகிவிடுமா? தமிழர், தமிழிலேயே, தமிழ்ப் பிள்ளைகளுக்காக, உயர்ந்த இலட்சியத்தோடு தொடங்கிய ஒரு பள்ளியின் வரலாறு இக்கேள்விக்கு விடை சொல்கிறது. தில்லிப் பள்ளி தோன்றுவதற்கு ஓராண்டுக்கு முன், 1922இல், திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் அது எழுந்தது.

அதனை நிறுவியவர் வ. வே. சு. ஐயர். இலண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று புரட்சியாளராகி, புதுச்சேரியில் பத்தாண்டு தஞ்சமிருந்து, 1920இல் தாயகம் திரும்பி, மறுபடி சிறை சென்று மீண்டவர். கம்பனையும் திருக்குறளையும் ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துக்காட்டிய புலமை அவருடையது. தமிழில் சிறுகதைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். அன்னிய சர்க்காரின் கல்விக்கு மாறாகத் தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி ஆகியவற்றைப் புகட்டும் குருகுலம் ஒன்றை அவர் கனவு கண்டார். பலர் பொருளுதவி செய்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, முதல் தவணையாக ஐயாயிரம் அளித்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தனர்.

குருகுலத்தில் சேர்ந்த பிராமணப் பிள்ளைகள் இருவரின் பெற்றோர், தம் மக்கள் பிறரோடு அமர்ந்து உண்ணலாகாது என்று நிபந்தனை கூறினர். ஐயர் இசைந்தார். அவ்விருவருக்கும் தனி இடத்தில் உணவு. இவ்வளவுதான் நடந்தது! ஆனால் மற்றப் பிள்ளைகளின் கண்ணுக்கு அது 'இவ்வளவுதான்' அன்று. பகலெல்லாம் ஒன்றாகப் படித்து, ஒன்றாக விளையாடி, உணவு மணி அடித்ததும் தம்மோடிருந்த இருவர் எழுந்து வேறிடம் போவதை அவர்கள் நாள்தோறும் கண்டார்கள். பாடத்தில் சமத்துவம் என்று எழுதியிருக்கலாம். பந்தியில் எழுதியிருந்ததையே பிள்ளைகள் படித்தார்கள்.

1924இலும் 1925இலும் இச்செய்தி தமிழகத்தை உலுக்கிற்று. 'தமிழ்நாடு' பத்திரிகையின் ஆசிரியர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமியும் பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பந்திப் பிரிவினை கூடாதென்று போராடினர். 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியடிகளிடமும் வழக்கு சென்றது. அவர் பெற்றோரின் உணர்ச்சிக்கு இடம் விட்டு ஒரு சமரச வழியையே நாடினார். நாயுடுவுக்கு அது உடன்பாடாகவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தேசிய இயக்கத்தைச் சார்ந்த எந்த நிறுவனத்திலும் கூடாது என்னும் கருத்துடைய தீர்மானம் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியபோது, இராஜாஜி முதலிய சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். ஐயர் குருகுலத் தலைமையைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்து அருவியில் வீழ்ந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்து அவரும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லாமற் போகவே, ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதன்பின் தமிழ்நாட்டு அரசியல் போன போக்கு நேயர்கள் அறிந்ததே.

ஐயரைக் கொடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் கொடியவராயிருந்தால் இந்த வரலாற்றிலிருந்து கற்பதற்கே ஒன்றுமிராது. சாதி வேற்றுமையில் தமக்குப் பற்றில்லாதவர், இரு பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் போனார். பள்ளிகளில் நடக்கும் இழிவுகளிற் பெரும்பகுதி இவ்வாறு இணங்கிப் போவதால் நடப்பதே என்று நமக்குத் தோன்றுகிறது. வகுப்பில் நம்மைப் பார்த்துச் சிரித்த அந்த ஆசிரியரும் வீட்டில் நல்ல மனிதராகவே இருந்திருப்பார்.

அதே காலத்தில் மராட்டிய நாட்டில் வேறொருவர் தம் பள்ளி நினைவுகளைச் சுமந்துகொண்டிருந்தார். சதாராவில் படிக்கையில் டாக்டர் அம்பேத்கர் கோணித்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய் அதன்மீது தனியே அமர வேண்டியிருந்தது. பள்ளிச் சேவகன் மேலிருந்து வார்த்தாலன்றிக் குடிநீர் இல்லை. சேவகன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். அச்சிறுவன் பின்னாளில் இதே தில்லியில் அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தார். தீண்டாமையை ஒழித்த 17ஆவது ஷரத்து அந்தச் சபையிலிருந்து வந்தது.

சேரன்மாதேவியில் உடைந்ததைத் தமிழகம் பிறகு பந்தியிலேயே ஒட்டப் பார்த்தது. சென்னை நகராட்சி மன்றம் பி. தியாகராய செட்டியார் தலைமையில் 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு கொடுத்துப் பார்த்திருந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. 1956இல் முதலமைச்சர் காமராஜர் பகலுணவை மாநிலமெங்கும் விரித்தார். 1960இல் இலவசச் சீருடை வந்தது. பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க வந்த திட்டம் என்றே இதனைச் சொல்வது வழக்கம், அது மெய்யே. ஆனால் ஒரே அடுப்பில் வெந்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதும், பட்டு உடுத்தவனையும் கந்தை உடுத்தவனையும் ஒரே துணியில் நிறுத்துவதும் ஐயர் செய்யத் தவறிய காரியமாகும். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இந்த வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ண வேண்டாமென்று சில பெற்றோர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியரே அவ்வூர்ப் பள்ளிக்கு வர நேர்ந்தது. நூறாண்டுக்குப் பின் அதே நிபந்தனை!

அதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்டு மாதத்தில், நாங்குநேரியில் நடந்தது இன்னும் கொடிது. சாதியின் பேரால் சக மாணவர்கள் ஒருவனைத் துன்புறுத்தினர். அவன் பள்ளியில் அதைச் சொல்லிவிட்டான் என்ற ஆத்திரத்தில் இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். நாங்குநேரி சேரன்மாதேவிக்கு வெகு தொலைவன்று. இரண்டும் திருநெல்வேலி மாவட்டமே. பின்னர் அரசு நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியைக் குறிக்கும் சொல்லை நீக்குக; கையில் சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்க; மாணவரை அகர வரிசைப்படி அமர்த்துக; ஒருவன் சாதி வகுப்பறையில் வெளிப்படுமாறு பதிவேட்டை வைக்காதே என்றெல்லாம் அது கூறுகிறது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பெயர், கயிறு, இருக்கை, பதிவேடு: பிள்ளைகளின் கண்ணில் நாள்தோறும் படுபவை இவையே. அகர வரிசையில் அமர்த்தினால் சாதி ஒழியுமா என்று சிலர் நகைத்தனர். கோணித்துணியில் அமர்ந்தவர் நகைத்திருக்க மாட்டார்.

தில்லியிலும் சட்டம் நகர்ந்தது. ஆசிரியர் பிரம்பெடுக்க இடங்கொடுத்த விதியைத் தில்லி உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாதென்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடுத்தது. தனியார் பள்ளிகளிலும் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் எளியவர்க்கென்றது. ஆனால் சட்டம் தெருவுக்கு எட்டவில்லை. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகர்க் கடைவீதியில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் தம் தோற்றத்தைக் கேலி செய்தவர்களோடு வாதிட்டார், அவர்கள் அடித்தனர், மறுநாள் இறந்தார். அதன்பின் அமைந்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மக்களின் வரலாறும் வாழ்க்கையும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டுமென்று பரிந்துரைத்தது. 'மதராஸி' என்ற சொல்லின் முனை மழுங்கிய நகரத்தில் வேறு சொற்கள் கூராகிவிட்டன. அவற்றைச் சொல்லுகிற வாய்களில் நம் பிள்ளைகளின் வாய் இல்லை என்று நாம் சத்தியம் செய்யத் துணியோம்; பீகாரிலிருந்து வந்த கூலியாளை நம் வீட்டுக் கூடத்தில் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதும் அவர்கள் காதில் விழுந்துகொண்டுதானிருக்கிறது.

அந்தப் பழைய சொல்லும் முழுதும் போய்விடவில்லை. கல்விக் கழகம் அதனைக் கழற்றி வைத்த பின்னும், ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் அது குடியிருந்தது. தமிழகத்திலிருந்து வந்து வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்தவர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த குடிசைப் பகுதிக்கு மதராஸி கேம்ப் என்றே பெயர். கேம்ப்பின் பிள்ளைகளிற் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு நடந்தே சென்றனர். அரசு அதிகாரிகளின் பிள்ளைகளுக்கென்று பிறந்த பள்ளியில், அவ்வதிகாரிகளின் வீட்டில் பாத்திரம் துலக்கியவரின் பிள்ளை அமர்ந்து தமிழ் படித்தது. இதனை அப்பள்ளிகளின் பெருமைகளில் முதலாவதாக நாம் வைப்போம்; ஆண்டு விழா மேடைகளில் இப்பெருமையை எடுத்துப் பேசக் கேட்டதில்லை.

வடிகாலைச் சீர்செய்ய வேண்டி, நீதிமன்ற ஆணைப்படி, 2025 ஜூன் 1ஆம் தேதி அந்தக் கேம்ப்பை இடித்தனர். 370 குடிசைகளில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முடிவாயிற்று. மாற்று வீடு நகரத்தின் வடகோடியில், நரேலாவில். அங்கிருந்து லோதி எஸ்டேட் நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலாவுக்கு அருகில் இல்லை. 1923இல் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பள்ளி ஆண்டுதோறும் சிம்லா மலைக்கு ஏறி இறங்கியது.