ஊசியும் பொறியும்: ஹேரியட் பவர்ஸின் விவிலியப் போர்வை

1989ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பதுக்கா நகரில் நடைபெற்ற கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற போர்வை ஒன்று பெருஞ்சலசலப்பை உண்டாக்கிற்று. மேல்துணி, இடையில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றடுக்குகளையும் ஒன்றாகப் பிணைத்துத் தைக்கும் போர்வையை 'கில்ட்' என்பர். கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பார், சூரிய கிரகணத்தைப் பொருளாகக் கொண்ட தம் போர்வையில் அப்பிணைப்புத் தையலை இயந்திரத்தாலேயே செய்திருந்தார். கைத்தையலே கலை, பொறித்தையல் குறுக்குவழி என்றனர் எதிர்த்தோர். மரபின் பெயரால் எழுந்த வாதம் இது. ஆனால் மரபு அவ்வாறு கூறவில்லை.

எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றனர். 1856 முதல் சிங்கர் நிறுவனம் தவணைமுறையில் விற்கத் தொடங்கவே, இயந்திரம் இல்லங்களுக்குள் புகுந்தது. பொறித்தையலைப் பெண்கள் மறைக்க முற்படவில்லை. போர்வையின் மேற்புறத்திலேயே பலரறியத் தைத்தனர். இயந்திரம் வைத்திருப்பது அன்று பெருமைக்குரிய செய்தி.

இதற்கு மறுக்கவியலாத சான்று, ஜார்ஜியா மாநிலத்து ஆதென்ஸ் நகரையடுத்து 1837இல் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸின் விவிலியப் போர்வை. 1886இல் அவ்வூர்ப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற அப்போர்வையில் பதினொரு காட்சிகள் உள்ளன. ஏதேன் தோட்டம், காயீன் ஆபேலைக் கொல்லுதல், யாக்கோபின் கனவு, சிலுவைப்பாடு, யூதாசின் முப்பது வெள்ளிக்காசுகள் ஆகியவை அவற்றுட் சில. வண்ணத்துணியில் உருவங்களை வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைக்கும் முறை இது. நம் தேர்த்தொம்பைகளைக் கண்டோர்க்கு இம்முறை புதிதன்று. இவ்வாறு தைக்கப்பெற்ற துண்டுகள் 299. கைத்தையலும் பொறித்தையலும் இப்போர்வையில் கலந்தே காணப்படுகின்றன. விளிம்புப் பட்டையோ எல்லா அடுக்குகளையும் ஊடுருவி இயந்திரத்தாலேயே தைக்கப்பட்டுள்ளது. எதைக் கையால் தைப்பது, எதைப் பொறிக்கு விடுவது என்பதை அவரே முடிவு செய்தார். எவரிடமும் இசைவு கேட்கவில்லை.

ஆயினும் பிற்காலத்தார் பலர் அவரை எழுத்தறியாத, கள்ளமற்ற நாட்டார் கலைஞராகவே காண விரும்பினர். இப்படிமத்துள் இயந்திரத்திற்கும் இடமில்லை, எழுதுகோலுக்கும் இடமில்லை. போர்வையை விலைக்கு வாங்கிய ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் எழுதிவைத்த குறிப்புகளே நெடுங்காலம் பவர்ஸின் குரலாகக் கொள்ளப்பட்டன. ஸ்மித் பரிவுடையவர்தாம், ஆயினும் ஒருவர் சொன்னதை மற்றொருவர் எழுதினால் அது எழுதியவரின் நடையாகிவிடும். பவர்ஸ் எழுதிய 1896ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று 2009இல் கைரா ஹிக்ஸ் வெளியிட்ட நூலால் பரவலாகத் தெரியவந்தது. தாம் படிக்கக் கற்றதையும், வேறு போர்வைகள் தைத்ததையும் அதில் அவர் குறிப்பிடுகிறார். எழுத்தறியாதவர் என்னும் கூற்று அத்துடன் வீழ்ந்தது. பொறித்தையலைக் காண்பதற்கோ கடிதம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. போர்வையை உற்றுநோக்கினாலே போதும்.

இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள இப்போர்வையை, முதலில் ஸ்மித் கேட்டபோது எவ்விலைக்கும் தர இயலாது என மறுத்தவர் பவர்ஸ். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, தாமே விற்க முன்வந்தார். அவர் கேட்டது பத்து டாலர், பெற்றது ஐந்து. விற்ற பின்னரும் ஸ்மித்தின் இல்லத்திற்குப் பன்முறை சென்று அதனைக் கண்டு வந்தார்.