ஆழித்தேர் முதல் வெண்மணி வரை: ஒரு கோடை நாள் மிதிவண்டிப் பயணம்

1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச்சக்கரங்கள் பூட்டிய ஒரு வண்டியின்மீது அமர்ந்து, கால்களால் தரையை உந்தியபடி, நாட்டுப்புறச் சாலையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவு சென்று திரும்பினார். மிதிகட்டையும் சங்கிலியும் பின்னாளில் வந்தவை. எனினும் மிதிவண்டியின் வரலாறு அந்தக் கோடை நாளில்தான் தொடங்குகிறது. 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற்போனது. விளைச்சல் பொய்த்துக் குதிரைகளுக்குத் தீவனம் அரிதானது. குதிரை வேண்டாத வண்டியொன்றின் தேவை அப்போதுதான் உணரப்பட்டது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

ஜூன் 12 என்றதும் தஞ்சைத் தரணியில் பிறந்த எவருக்கும் மன்ஹைம் நினைவுக்கு வராது, மேட்டூர்தான் வரும். குறுவைக்கு அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் அது. இந்தப் பொருத்தம் தற்செயலானதே. ஆயினும், மிதிவண்டியைப் பற்றியும் காவிரியைப் பற்றியும் ஒருசேர எண்ணிப்பார்க்க அது எங்களைத் தூண்டியது. ஒரு சித்திரை மாதத்து விடியலில் நண்பர்கள் நாங்கள் மூவர் இரவல் வாங்கிய மிதிவண்டிகளில் திருவாரூரிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். சேரவேண்டிய இடம் கீழ்வெண்மணி.

புறப்படுமுன் தேரடியில் சற்று நின்றோம். 96 அடி உயரமாக அலங்கரிக்கப்படும் ஆழித்தேர் இவ்வூரின் பெருமை. பல ஆண்டுகள் ஓடாதிருந்த அத்தேர் 1970இல், அப்போதைய முதல்வர் மு. கருணாநிதியின் முயற்சியால் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனத்தின் தடுப்புக் கருவிகளும் இரும்பு அச்சும் பின்னர் அதற்கு வாய்த்தன. ஆனால் திருவாரூருக்கு இன்னொரு தேரும் உண்டு. கோயிலின் கிழக்கே கல்லில் வடிக்கப்பட்டு நிற்கும் அத்தேரின் சக்கரத்தடியில் ஓர் இளைஞன் கிடக்கிறான். அருகே கன்றை இழந்த பசு. மனுநீதிச் சோழனின் கதை அது. சிலப்பதிகாரம் குறிப்பிடுவதும், பெரியபுராணம் விரித்துரைப்பதும், விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டொன்று இவ்வூர்க் கோயிலிலேயே பதிவு செய்வதும் இக்கதையைத்தான். கதை நடந்ததா என்பது வேறு கேள்வி. நீதி என்றால் என்ன என்று இந்த மண் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விடை அது என்பதில் ஐயமில்லை. தேரில் சென்றவன் அரசகுமாரன் என்பதற்காக அவன் குற்றம் குறைந்துவிடாது. அதுவே அந்த விடை.

ஓடம்போக்கி ஆற்றில் நீரில்லை. மணலும் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையின் காய்ந்த சருகுகளுமாக அது கிடந்தது. அடியக்கமங்கலம் தாண்டியபின் இருபுறமும் வெட்டவெளி. தாளடி அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தொலைவில் ஓர் ஆட்டுக் கிடை. தெற்குச் சீமையிலிருந்து மந்தையோட்டி வந்த கீதாரிகள் கோடையில் இவ்வயல்களுக்கு எருவிடுகிறார்கள். காவிரியைப் பசுமையோடு மட்டுமே நினைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோடை முகம் திகைப்பளிக்கும். எங்களுக்கோ இதுவே அதன் உண்மை முகமெனத் தோன்றியது. பயிர் மறைத்து வைத்திருந்த வரப்புகள் கோடையில்தான் தெளிவாகத் தெரிகின்றன. எந்த நிலம் எவ்வளவு பெரியது, ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்பவற்றை மிதிவண்டியின் வேகத்தில் ஒருவர் படித்துவிடலாம். பேருந்தில் அது முடியாது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் கடைமடைக்கும் நீர் ஓரளவு உறுதியாயிற்று. ஆனால் அந்த நீரால் விளைந்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று? கீழத்தஞ்சையில் பெருநிலங்கள் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்குக் கட்டுண்டவர்கள். அவர்களது குடிசை நின்ற இடம்கூட அவர்களுக்குரியதன்று. வேலைக்குப் பிந்தினால் சாட்டையடி. அதற்கும் மேல், மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனை. கன்னட நாட்டிலிருந்து வந்த பொதுவுடைமையாளர் பி. சீனிவாசராவ் 1940களில் இக்கிராமங்களில் சங்கம் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கோரியது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாசராவ் 1961இல் மறைந்தார்.

இந்த வரலாற்றில் மிதிவண்டிக்கும் ஓர் இடமுண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் மிதிவண்டி வைத்திருந்தாலும் ஊர்த்தெருவுக்குள் அதன்மீது ஏறிச் செல்லமுடியாது. இறங்கி, தள்ளிக்கொண்டு கடக்கவேண்டும். தோளில் துண்டு, காலில் செருப்பு, மிதிவண்டியில் இருக்கை ஆகிய மூன்றும் ஒரே தடையின் மூன்று வடிவங்கள். மிதிவண்டியில் அமர்ந்தவனின் தலை, நடப்பவனின் தலையைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. சாதி அந்தச் சில அங்குலங்களையும் அளந்து வைத்திருந்தது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கியதும், மூலைக்கு மூலை வாடகை சைக்கிள் கடைகள் முளைத்ததும் வெறும் தொழில் வரலாறு மட்டுமல்ல என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

கீவளூரில் இளநீர் குடித்தோம். நண்பரின் வண்டியில் சங்கிலி கழன்றுகொண்டே இருந்ததால் அரைமணி நேரம் அங்கே கழிந்தது. கேடிலியப்பர் கோயில் கோச்செங்கணான் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களுள் ஒன்று. யானை ஏறமுடியாதபடி உயர்த்திக் கட்டப்பட்டவை இவை. அங்கிருந்து தெற்கே திரும்பினால் தேவூர். அங்கும் ஒரு மாடக்கோயில். அதற்கப்பால் கீழ்வெண்மணி.

1968 டிசம்பர் 25 இரவு நடந்ததை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். கூலியில் அரைப்படி நெல் உயர்வு என்று சுருக்கிச் சொல்லப்படும் கோரிக்கைக்குப் பின்னால் செங்கொடியை இறக்கமறுத்த பிடிவாதமும் இருந்தது. தாக்கவந்தவர்களுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் 1970இல் நிலக்கிழார்கள் சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோருமே மிராசுதார்கள் என்பதையும், அவர்களுள் பெரும்பாலோர் செல்வந்தர்கள் என்பதையும், முதல் எதிரி கார் வைத்திருந்தவர் என்பதையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. இத்தகையோர் ஆட்களை ஏவாமல் தாமே நேரில் நடந்துவந்து தீவைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது அதன் வாதம்.

நினைவுச்சின்னத்தின் நிழலில் அமர்ந்து, பொறிக்கப்பட்ட பெயர்களை மெல்ல வாசித்தபோது, காலையில் பார்த்த கல்தேர் எங்கள் நினைவில் எழுந்தது. கதையில் தேரேறிச் சென்றவன் அதற்காகவே தப்பிக்க முடியாதவனானான். தீர்ப்பிலோ கார் வைத்திருப்பது ஐயத்தின் பலனைப் பெற்றுத்தரும் தகுதிகளுள் ஒன்றாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு மிதிவண்டியில் ஒரு காலைப்பொழுது. மனுநீதிச் சோழனின் சிலை ஒன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பழங்கதை பெரிது, இக்காலச் சட்டம் சிறிது என்று நாங்கள் சொல்லவரவில்லை. சான்றுகளை ஐயத்தோடு அணுகுவது நீதிமன்றத்தின் கடமை. ஆனால் அந்த ஐயம் யார் பக்கம் சாய்கிறது என்பதை வரலாறு கேட்டே தீரும். பசுவுக்கு ஆராய்ச்சி மணி இருந்தது. அந்த 44 பேருக்கு?

அந்த மணி வேறு வழிகளில் ஒலித்தது. 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளை அங்கே வாழ்ந்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் இப்பகுதியில் தங்கி உழைத்து, 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தந்தனர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்நாவல் எழுப்பிய விவாதம் இன்றும் அடங்கவில்லை. விடுவிக்கப்பட்ட முதல் எதிரி 1980இல் கொல்லப்பட்டார். இவற்றுள் எது நீதி, எது நீதியின் பதிலி என்று பிரித்துச்சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை.

வெயில் தாழ்ந்தபின் திரும்பினோம். எதிர்க்காற்று. தேவூர்ச் சாலையில் சீருடையணிந்த நான்கு மாணவிகள், சிறப்பு வகுப்பு முடிந்து போலும், மிதிவண்டிகளில் எங்களைக் கடந்து சென்றார்கள். அருகிலுள்ள புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத்தந்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அதை எல்லா மாணவர்க்கும் விரித்தது. டிரைஸின் மரவண்டி இத்தனை தொலைவு வந்திருக்கிறது.

அப்பெண்களில் யார் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி அவர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். நாங்கள் பார்த்தவரையில் ஒருவரும் இறங்கித் தள்ளவில்லை.