பின்னற் சட்டகங்களும் பைரனின் கன்னிப் பேச்சும்

1812ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில், இருபத்து நான்கு வயதினரான கவிஞர் பைரன் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். 'சைல்டு ஹெரால்டு' வெளிவந்து அவர் புகழை நாடெங்கும் பரப்புதற்கு அப்போது இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. காதலையும் கடலையும் பாடியவராக நாம் அறிந்துள்ள அக்கவிஞர் அன்று பேசியது, காலுறை பின்னும் சட்டகங்களை உடைப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்தேயாகும்.

அவர்தம் மூதாதையர் மாளிகையான நியூஸ்டெட், கலகம் மூண்ட நாட்டிங்காம் மாவட்டத்திலேயே இருந்தது. அங்கே 1811 மார்ச்சில் தொடங்கி ஓராண்டிற்குள் ஏறத்தாழ 1,000 சட்டகங்கள் உடைக்கப்பட்டன. உடைத்தோர் 'லட்டு' என்னும் கற்பனைத் தலைவனின் பெயரால் கடிதம் விடுத்தமையின் 'லட்டியர்' எனப்பட்டனர்.

இவர்கள் புதுமையை வெறுத்த மூடர்கள் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. பின்னற் சட்டகம் புதிய பொறியே அன்று. வில்லியம் லீ என்பார் 1589ஆம் ஆண்டளவில் அதே மாவட்டத்தில் கண்டுபிடித்தது. இரு நூற்றாண்டுக் காலம் அதனோடு வாழ்ந்தவர்கள் ஏன் அதன்மேல் சம்மட்டியை ஓங்கினர்? சட்டகம் பின்னுவோனுக்குச் சொந்தமன்று. முதல் போட்ட வணிகனுக்கு அவன் வாடகை செலுத்தினான். வேலையில்லா வாரத்திலும் பல இடங்களில் அவ்வாடகை நின்றபாடில்லை. அகன்ற சட்டகத்தில் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்த மலிவுக் காலுறைகள் சந்தைக்கு வந்தன; தையல் பிரிந்தால் காலுறையே பிரிந்துவிடும். ஏழாண்டு தொழில் பயின்றவன் இருந்த இடத்தில் பயிலாதவன் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டான். எனவே உடைத்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு உடைக்கவில்லை. கூலியைக் குறைத்த முதலாளியின் சட்டகங்கள் நொறுங்க, பழைய கூலி வழங்கியவனின் சட்டகங்கள் அதே தெருவில் தப்பி நின்றதும் உண்டு.

யார்க்ஷயரின் நிலை வேறு. அங்கே கம்பளித் துணியின்மேல் எழும் துய்யைச் சமமாகக் கத்தரிப்பது தனிக்கலை. ஏறத்தாழ 40 ராத்தல் எடையுள்ள கத்தரியை ஆளும் அக்கலைஞனின் கைத்திறத்தால் துணியின் விலையே உயரும், தாழும். நீராற்றலால் இயங்கும் கத்தரிச் சட்டகம் அத்திறத்தை வேண்டாப் பொருளாக்கியது. துய் எழுப்பும் பொறியைத் தடுத்துவந்த பழஞ்சட்டங்களையும் பாராளுமன்றம் 1809இல் நீக்கிவிட்டது. பொறிகளைச் செய்த மார்ஸ்டன் ஊர்க் கொல்லர் டெய்லரின் முதற்பெயர் ஈனக். அவற்றை உடைக்கப் பயன்பட்ட சம்மட்டிக்கும் தொழிலாளர் இட்ட பெயர் ஈனக்!

பைரன் தம் உரையில், ஒரு பொறி பலருடைய வேலையைச் செய்வதால் எஞ்சியோர் பட்டினி கிடக்கின்றனர் என வாதிட்டார். நாட்டிங்காமினும் யார்க்ஷயருக்கே இவ்வாதம் பெரிதும் பொருந்தும். பொருளியலில் அவர் சற்றுச் சறுக்கினார் எனலாம். மனிதரைக் கண்டதில் சறுக்கவில்லை. இச்சட்டத்தின்கீழ் ஒருவனைத் தண்டிக்கப் பன்னிரண்டு கசாப்புக்காரரை நடுவராக அமர்த்த வேண்டும் என்று அவர் கூறியபோது பிரபுக்கள் முகம் சுளித்திருப்பர். மசோதா மார்ச்சு மாதத்தில் சட்டமாயிற்று. அவ்வாண்டுக் கோடையில் 12,000 படைவீரர் கலகப் பகுதிகளில் நிறுத்தப்பட்டனர். 1813 சனவரியில் யார்க் நகரில், கொலை, ஆலைத் தாக்குதல், கொள்ளை முதலிய குற்றங்களுக்காகப் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டனர்.

பொறி எல்லாரையும் ஒருங்கே வீழ்த்தியதென்றும் கூறுதற்கில்லை. பருத்தி நூற்கும் பொறிகள் பெருகியபோது நூல் மலிந்து, கைத்தறியாளர்க்குச் சிலகாலம் நல்ல கூலி கிடைத்தது. பின்னர் விசைத்தறி வந்தது. 1813இல் 2,400 அளவில் இருந்த விசைத்தறிகள் 1833இல் 1,00,000 ஆயின. தறியாளரின் கூலி தேய்ந்தது. ஆலைக்குள் வேலை பெற்றோரிற் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாருமே. ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளைப் பட்டாலை ஒழிந்த நெசவாலைகளில் அமர்த்தலாகாது எனச் சட்டம் செய்யவே 1833 வரை காத்திருக்க நேர்ந்தது.

யார்க்ஷயர்க் கத்தரிப்போர் கதி எண்களாகவே எஞ்சியுள்ளது. 1806இல் 100 அளவில் இருந்த பொறிக் கத்தரிகள் 1817இல் 1,462 ஆயின எனக் கணக்கிடப்பட்டது. அப்போதிருந்த 3,378 கத்தரிப்போருள் 1,170 பேர்க்கு வேலையே இல்லை. 1,445 பேர்க்கு அரை வேலை.

பொறியால் தொழிலாளர்க்கும் நன்மையே என்று கருதிவந்த பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, 1821இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் 'பொறிகள் பற்றி' என்னும் புதிய இயலைச் சேர்த்தார். தம் பழைய கருத்து பிழையென்றும், பொறி தொழிலாளர்க்குத் தீங்கு செய்தல் கூடும் என்றும் அதில் ஒப்புக்கொண்டார். பைரன் அப்போது இத்தாலியில் இருந்தார். 1816இல் நீங்கிய இங்கிலாந்திற்கு அவர் உயிரோடு திரும்பவேயில்லை.