ஸ்கோர் என்ன ஸார்?

சென்ற நவராத்திரியின்போது நம் சங்கத்துக் கொலுவுக்கு வந்திருந்த ஓர் இளைஞர், சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு குறையைச் சொன்னார். திருச்சிப் பக்கத்துப் பையன். மும்பையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். "மாமா, எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே கிரிக்கெட்டில் நாட்டம் கிடையாது. இங்கே மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் முந்தின நாள் மேட்சைத் தவிர வேறே பேச்சே இல்லை. நான் டப்பாவைக் காலி பண்ணிட்டு எழுந்து வந்துடறேன். நாலு பேரோட பேசறதுக்காகவாவது டிவியில் மேட்ச் பார்த்துத்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் அவசியமில்லைப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது சரியான பதில்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் என் தகப்பனார் இந்த ஊரில் காலூன்றியதே ஸ்கோர் கேட்டுத்தான். ஆகவே கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டி, அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

வானொலிக் காலம்

நம் நாட்டில் கிரிக்கெட் பேச்சாகப் பரவியது தொலைக்காட்சியால் அல்ல, வானொலியால். பம்பாய் வானொலி நிலையம் 1927-ல் தொடங்கியது. 1934-ல் பம்பாய் நாற்கோணப் போட்டியை ஏ.எப்.எஸ். தல்யார்கான் என்ற பார்ஸிக்காரர் பந்துக்குப் பந்து வர்ணித்தார். கூட யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் நாள் முழுவதும் தனியாகவே பேசக்கூடியவர். மைதானத்துக்குள் நுழைய வழியில்லாதவர்களுக்கும் ஆட்டம் காதில் விழ ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்தப் போட்டியில் ஒரு சங்கடமும் இருந்தது. ஐரோப்பியர், பார்ஸிகள், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் என்று அணிகளே மதவாரியாகப் பிரிந்திருந்தன. 1937-லிருந்து "மற்றவர்கள்" என்று ஐந்தாவது அணியும் சேர்ந்து ஐங்கோணப் போட்டி ஆயிற்று. 1940-ல் மகாத்மா காந்தி இப்படி மதவாரியாக விளையாடுவது தமக்குச் சம்மதமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1946-ல் அந்தப் போட்டி நின்றுபோனது. ஆட்டம் மனிதர்களை எப்போதும் சேர்த்தே வைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சேர்ப்பதும் பிரிப்பதும் அதைச் சுற்றி நாம் பேசும் பேச்சில்தான் இருக்கிறது.

அப்பா பம்பாய்க்கு வந்தது 1951-ல். வயது 21. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட், ஒரு தகரப் பெட்டி. மாதுங்காவில் ஆறு பேரோடு ஓர் அறையில் ஜாகை. ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. ஆங்கிலம் எழுத வரும், பேசக் கூச்சம். ஆபீஸில் கொடுத்ததை டைப் அடித்துவிட்டு வருவாரே தவிர, மெஸ்ஸுக்கு வெளியே ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் ஆட்டம். ஆபீஸுக்கு அருகில் ஓர் இரானி ஹோட்டலில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். வாசலில் கும்பல். சென்னை என்ற பெயர் காதில் விழுந்ததும் அப்பா நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த குஜராத்திக்காரரிடம் "ஸ்கோர்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவரும் விரல்களை மடக்கி நீட்டிப் பதில் சொன்னார். ஸ்கோர் என்ற சொல் குஜராத்திக்கும் ஒன்றுதான், தமிழனுக்கும் ஒன்றுதான். பதிலும் வெறும் எண். இலக்கணப் பிழை வர வாய்ப்பே இல்லை!

அந்த டெஸ்டில் வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. டெஸ்ட் சரித்திரத்தில் நமக்கு முதல் வெற்றி அதுதான். அந்தச் சில நாட்களில் ஹோட்டல் வாசலில் அப்பாவுக்கு நான்கைந்து முகங்கள் பழக்கமாயின. அவர்களில் அந்த குஜராத்திக்காரர்தான் பிற்பாடு அப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோது வாடகைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர். நான் பிறந்தது அந்த வீட்டில்.

யார் பக்கம்?

நான் வளர்ந்தது டிரான்சிஸ்டர் காலத்தில். 1971-ல் வடேகர் தலைமையில், நம் வெங்கட்ராகவன் உபதலைவராக, இங்கிலாந்தை ஓவல் மைதானத்தில் தோற்கடித்த தினம் ஆகஸ்டு 24. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த ஆட்டம். அன்று விநாயக சதுர்த்தி வேறு. பிள்ளையாரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்ட கையோடு ஸ்கோரையும் விசாரித்துக்கொண்டு போனார்கள்.

1973 ரஞ்சி கோப்பை இறுதி ஆட்டத்தை நம் மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயும் தமிழ்நாடும் சேப்பாக்கத்தில் மோதின. பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. பம்பாய்க்குத் தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை.

மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் இது பெரிய தர்மசங்கடம். சாப்பாடு போடுவது பம்பாய், பிறந்த மண் தமிழ்நாடு. மேல் மாடி மராத்திக்காரர் அப்பாவைப் பார்த்து, "உங்கள் ஊர் ஆடுகளத்தில் உங்கள் ஊருக்கே சறுக்கல்" என்று சிரித்தார். அப்பா, "ஜெயித்ததும் எங்கள் ஊர்தானே" என்றார். நான் அப்போது பள்ளிப் பையன். அப்பா வாயால் பம்பாயை "எங்கள் ஊர்" என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பெட்டி வீட்டுக்குள் வந்தது

டெல்லியில் 1959-ல் ஆரம்பித்த தொலைக்காட்சி பம்பாய்க்கு வந்தது 1972 அக்டோபர் 2-ம் தேதி. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 1975-ல். வண்ண ஒளிபரப்பும் நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் 1982 ஆகஸ்டு 15-ல் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காகவே பலர் டிவி வாங்கினார்கள்.

1983 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எங்கள் கட்டடத்தில் டிவி இருந்தது இரண்டே வீட்டில். இரண்டாம் மாடி மாமா வீட்டுக் கூடத்தில் முப்பது பேராவது இருந்திருப்போம். வாசலில் செருப்புக் குவியல். ஸ்ரீகாந்த் அடித்த 38-தான் இரு தரப்பிலும் அதிகபட்ச ஸ்கோர் என்பது நமக்குப் பெருமை. இந்தியா 183-ல் சுருண்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தைக் கபில்தேவ் ஓடிப்போய்ப் பிடித்ததும் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகள் 140. அதுவரை அடுக்களையில் காபி கலந்து கொடுத்துக்கொண்டே இருந்த மாமிகளும் கடைசியில் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். ரேடியோவைச் சுற்றி ஆண்கள் மட்டுமே நின்ற காலம் மாறியதில் டிவிக்கு ஒரு பங்கு உண்டு.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதே உலகக் கோப்பையில் ஜூன் 18-ம் தேதி ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அவுட்டாகாமல் 175 ரன் எடுத்தார். அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் வரவில்லை. ஒளிப்பதிவே கிடையாது. இருந்தும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பேச்சுக்குப் படம் அவசியமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சொல்ல ஒருவர், கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

யாருக்குச் சொந்தம்?

1990-களில் கேபிள் வந்தது. தூர்தர்ஷனைத் தவிர வேறு ஒருவர் ஆட்டத்தைக் காட்டலாமா என்று 1993 ஹீரோ கோப்பையின்போது வழக்கு மூண்டது. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், வான் அலைகள் பொதுச் சொத்து, அவை அரசாங்கத்தின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமைகளுக்குப் பெரும் பணம் புழங்க ஆரம்பித்தது. காசு கட்டினால்தான் மேட்ச் என்ற நிலை வந்தபோது, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொண்டே ஆக வேண்டும் என்று 2007-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஒன்றாகப் பார்ப்பது நாட்டுக்கு வேண்டிய ஒன்று என்று பார்லிமெண்டே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

ஒன்றாகப் பார்ப்பதே விபரீதமாகப் போனதும் உண்டு. 1996 மார்ச் 13-ம் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் அரையிறுதி ஆட்டத்தில் விக்கெட்டுகள் மளமளவென்று விழவே, ரசிகர்கள் பாட்டில்களை எறிந்து தீ மூட்டினார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கை வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதே மைதானத்தில் 2001-ல் லக்ஷ்மண் 281, திராவிட் 180 எடுத்து, பாலோ ஆன் வாங்கிய இந்தியா ஆஸ்திரேலியாவை வென்றதையும் நாடே கண்டது.

என் கதை

இவ்வளவு எழுதும் நான் கிரிக்கெட் பித்தன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஷண்முகானந்தா சபாவில் கச்சேரி கேட்பதில்தான் ருசி. ஆபீஸில் நானும் அந்த இளைஞரைப் போலத்தான் இருந்தேன். ஒரு சமயம் லோக்கல் ரயிலில் பேப்பரைப் படித்து, அதில் இருந்ததை என் சொந்த அபிப்பிராயம்போல எடுத்து விட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவரும் அதே பேப்பரைப் படித்திருந்தார்! அன்றோடு அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டேன்.

வீட்டிலும் அப்படித்தான். அப்பா மேட்ச் பார்ப்பார். நான் வேறு அறையில் பாட்டுக் கேட்பேன். அம்மாவுக்கு எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று கடைசிவரை தெரியாது. இருந்தும் மணிக்கு ஒரு தடவை அடுக்களையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுவாள். அம்மா போன பிறகு கேட்க ஆளில்லை. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். காதும் மந்தமாயிற்று.

2011 ஏப்ரல் 2. இங்கே வான்கடே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அப்பாவுக்கு 81 வயது. அன்று மட்டும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. திரையின் ஓரத்தில் ஸ்கோர் ஓடிக்கொண்டே இருந்தபோதிலும், காதருகே குனிந்து "ஸ்கோர் என்னப்பா?" என்று கேட்டேன். திரையைப் பார், என்னை ஏன் கேட்கிறாய் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்கோரைச் சொன்னார். கம்பீர், தோனி ஆடுகிற விதத்தைச் சொன்னார். அப்படியே 1952-க்குப் போய்விட்டார். இரானி ஹோட்டல், விரலை மடக்கி நீட்டிய குஜராத்திக்காரர் எல்லாம் அன்று ராத்திரிதான் எனக்குத் தெரியவந்தது. நான் பிறந்த வீடு எப்படிக் கிடைத்தது என்பதை ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். அதுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அப்பா காலமானார்.

இப்போது

2008-ல் ஐ.பி.எல். வந்த பிறகு 1973-ன் தர்மசங்கடம் மறுபடி வந்துவிட்டது. 2010, 2013, 2015, 2019 என்று நான்கு முறை சென்னையும் மும்பையும் இறுதி ஆட்டத்தில் மோதின. 2019-ல் மும்பை ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தபோது எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. ஆனால் பேரன் கைப்பேசியில், மகன் டிவியில், ஆளுக்கொரு திரை. ஸ்கோர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. 1952-ல் அப்பா கையிலும் இப்படி ஒரு கைப்பேசி இருந்திருந்தால் அந்த ஹோட்டல் வாசலில் நின்றிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது. பிடிக்காத மேட்சை உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. தெரிந்ததுபோல நடிக்கவே வேண்டாம், அதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து வரவும் வேண்டாம். "நேற்று நான் பார்க்கவில்லை, என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பார்த்தவர்களே நிறைந்த இடத்தில் பார்க்காத ஒருவர் கேட்டால், சொல்ல நான்கு பேர் முன்வருவார்கள்.

நம் போன்ற பெரியவர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. புதிதாக வருகிறவரிடம் நமக்குத் தெரிந்ததையே பேசிக்கொண்டிருக்காமல், அவருக்கு எதில் நாட்டம் என்று கேட்க வேண்டும். அன்று கொலுவில் அந்தப் பையனிடம் நான் அதைக் கேட்கத் தவறிவிட்டேன். இந்த இதழ் அவர் கைக்குக் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். காபி கலந்து வைக்கிறோம். மேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.